போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் படர்கிறது: 14 மாதப் படர்தாமரையோடு ஒரு சகோதரி

திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதம் இது. பெயர், ஊர், கம்பெனி எதுவும் தெரியக் கூடாது என்று கேட்டிருக்கிறார், அதனால் அவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 31. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, காலையில் போனால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு. வீட்டில் கணவர், ஆறு வயது மகன், சர்க்கரை நோய் உள்ள மாமியார். 14 மாதத்துக்கு முன்னால் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் காசு அளவுக்கு வட்டமாகத் தடித்து அரித்திருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் ஒரு டியூப் கொடுத்தார்கள். போட்ட ரெண்டாம் நாளே அரிப்பு போய்விட்டது, நிறுத்திய பத்து நாளில் முன்னைவிடப் பெரிதாக வந்தது. மறுபடி டியூப். இப்படியே 11 டியூப் ஆகிவிட்டது, இப்போது தொடை இடுக்கு, பின்பக்கம், மார்புக்குக் கீழே எல்லாம் பரவியிருக்கிறது. தொடையின் உள்பக்கம் பிரசவ வரி போலக் கோடு கோடாகச் சிவந்திருக்கிறதாம். நடுவில் ஒரு டாக்டர் ரெண்டு வாரம் மாத்திரை கொடுத்தார், நன்றாகக் குறைந்ததும் நிறுத்தினார், திரும்ப வந்துவிட்டது. கணவருக்கும் அரிப்பு இருக்கிறது, ஆனால் "ஆம்பளைக்கு வேர்வையில வர்றதுதான்" என்று டாக்டரிடம் வர மறுக்கிறார். மகனுக்கு கன்னத்தில் ஒரு வட்டம் வந்ததும் அதே டியூபை அஞ்சு நாள் தடவியிருக்கிறார். முகத்தில் இருந்த மங்குக்கும் நாலு மாதமாக அதையே போட்டதில், இப்போது வெயிலில் போனால் முகம் எரிகிறது.

மாமியார், ரத்தம் கெட்டுப்போய்விட்டது என்று கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி, தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டார். நாத்தனார், இது கெட்ட நோயாக இருக்குமோ என்று ஜாடையாகப் பேசுகிறார். "மாத்திரையும் எனக்குக் கேட்கவில்லை டாக்டர். ஒரே ஊசியில் போய்விடும் என்கிறார்களே, அது உண்டா? நாட்டு மருந்துக்குப் போகட்டுமா? அடுத்த குழந்தைக்கு வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம். பையனை ஸ்கூலுக்கு அனுப்பலாமா?" இதுதான் கடிதம்.

சகோதரி, உங்களைப் போன்றவர்களைத் தினமும் பார்க்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எனக்கு மட்டும்தான் என்று நினைத்து நீங்கள் அழுதிருப்பது கடிதத்தில் தெரிகிறது. தோல் டாக்டரின் வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், இதே கதையோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியும். ஐடி கம்பெனிப் பையன், போலீஸ்காரர், காலேஜ் பெண், கோயில் குருக்கள், எல்லோரும் வருகிறார்கள். எல்லோர் பையிலும் ஒரு டியூப் இருக்கும்.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது படர்தாமரைக்கு அச்சாகப் பொருந்துகிறது. சில ஊரில் இதைப் படை என்பார்கள், சிலர் வண்டுகடி என்பார்கள். வண்டும் கடிக்கவில்லை, புழுவும் இல்லை, இது பூஞ்சை. தோலின் மேல் அடுக்கில், அதாவது செத்துப்போய் உதிரக் காத்திருக்கிற அடுக்கில் உட்கார்ந்துகொண்டு அதையே தின்று வளர்கிறது. ரத்தத்துக்குள் போவதில்லை. ஆகவே உங்கள் ரத்தம் கெட்டுப்போகவில்லை. கத்தரிக்காய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, முட்டையையும் இன்றைக்கே சாப்பிட ஆரம்பியுங்கள். நாள் முழுக்க வேலை செய்கிற உடம்புக்கு அது தேவை.

நாத்தனார் பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இடுக்கில் வந்தது என்பதாலேயே இது கெட்ட நோய் ஆகாது. வேர்வையும் சூடும் உரசலும் எங்கே அதிகமோ அங்கே இந்தப் பூஞ்சைக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். தோலோடு தோல் பட்டால் ஒட்டும் என்பதால் கணவன் மனைவிக்குள் பரவுவது சகஜம், ஆனால் அதேபோல ஒரே துண்டில் துடைத்தாலும் பரவும், ஒரே பாயில் படுத்தாலும் பரவும். யாருடைய நடத்தையைப் பற்றியும் இது ஒன்றும் சொல்வதில்லை.

அந்த டியூபுக்குள் என்ன இருக்கிறது

நீங்கள் பெயர் எழுதவில்லை, ஆனால் ரெண்டு நாளில் அரிப்பு அடங்கியது என்பதும் தொடையில் வரி விழுந்தது என்பதும் போதும். அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கும். நம் ஊர்க் கடைகளில் அரிப்பு என்று கேட்டால் கைக்கு வருகிற டியூப்களில் பல மூன்று நான்கு மருந்துகளைக் கலந்த கலவை. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசோல் போன்ற ஒரு ஸ்டீராய்டு. தோலில் போடும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை க்ளோபெட்டசோல். டாக்டர் எழுதிக் கொடுத்தால்கூட தொடர்ந்து ரெண்டு வாரத்துக்கு மேல் போடக் கூடாது என்பது அதற்கான பொது விதி. நீங்கள் 14 மாதம் போட்டிருக்கிறீர்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் மிச்சம் எல்லாம் உங்களுக்கே புரிந்துவிடும். சிவப்பு, தடிப்பு, அரிப்பு, இவை பெரும்பாலும் பூஞ்சை செய்வது அல்ல, பூஞ்சையை விரட்ட உங்கள் உடம்பு போடுகிற சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. சண்டை நின்றதும் சிவப்பும் அரிப்பும் போய்விடும், நமக்குக் குணமானது போல இருக்கும். ஆனால் எதிர்ப்பு இல்லாத இடத்தில் பூஞ்சை சத்தமில்லாமல் படர்ந்துகொண்டே இருக்கும். டியூபை நிறுத்தியதும் உடம்பு மறுபடி விழித்துக்கொண்டு சண்டை போடும், அப்போது பார்த்தால் வட்டம் ரெண்டு மடங்காகியிருக்கும். வட்டத்துக்குள் வட்டமாக வருகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது ஸ்டீராய்டு போட்ட படர்தாமரையின் அடையாளங்களில் ஒன்று. தொடையில் விழுந்த வரிகளும் ஸ்டீராய்டால் தோல் மெலிந்து உள்ளே கிழிந்ததுதான். மனதைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன், அந்த வரி முழுதாக மறையாது. சிவப்பு போய் நாளாக நாளாக வெளிறி, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாமல் ஆகும். ஆனால் டியூபை நிறுத்தினால் புதிதாக விழாது.

இது உங்கள் தப்பு என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் நினைக்காதீர்கள். தோலில் போடும் ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. தோல் டாக்டர்களின் சங்கம் இதற்கென்றே தனிக் குழு அமைத்துப் பல வருடம் போராடியிருக்கிறது. அப்படியும் கடையில் கேட்டால் கிடைக்கிறது. வேலைக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு என்கிற நிலையில் இருக்கிற ஒரு பெண், போகிற வழியில் கடையில் வாங்கிப் போட்டதில் என்ன குற்றம் இருக்கிறது? எனக்குக் கோபம் வருவது, 11 டியூப் வாங்க வந்தவரிடம் ஒருமுறைகூட "இது இத்தனை நாள் போடுகிற மருந்து இல்லையம்மா" என்று யாரும் சொல்லவில்லையே என்பதில்தான்.

இனிமேல் எந்த டியூப் வாங்கினாலும் பின்பக்கப் பொடி எழுத்தை யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், இந்தப் பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல், லூலிகோனசோல், கீட்டோகோனசோல் என்று தனியாக ஒன்று மட்டும் இருந்தால் அது பூஞ்சைக்கான மருந்து. க்ளோபெட்டசோலும் க்ளோட்ரிமசோலும் காதில் ஒரே மாதிரி விழும், செய்கிற வேலை நேர் எதிர். அதனால் காதால் கேட்டு வாங்காமல் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

உடம்பில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்திய மூணாம் நாளிலிருந்து ஒரு வாரம் பத்து நாள் வரை அரிப்பு உங்களை ஆட்டிவைக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பலர் தோற்பது அந்த வாரத்தில்தான், ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராமல் எழுந்து டியூபைத் தேடுவார்கள். அந்த நாட்களுக்கு அரிப்பைக் குறைக்கும் மாத்திரை டாக்டர் தருவார், லிவோசெட்ரிசின் மாதிரி. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, ஈரம் போகத் துடைத்துவிட்டால் கொஞ்சம் அடங்கும். எலுமிச்சம்பழம், டெட்டால், உப்புத் தண்ணீர், எதுவும் வேண்டாம், மெலிந்த தோல் வெந்து புண்ணாகிவிடும்.

"மாத்திரை கேட்கவில்லை" என்பது சரிதானா

இதில்தான் உங்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். ரெண்டு வாரத்தில் நன்றாகக் குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாத்திரை கேட்டிருக்கிறது, போதுமான நாள் போடவில்லை. ஒரு காலத்தில் டெர்பினாஃபின் என்கிற பூஞ்சை மாத்திரையை ரெண்டு வாரம் கொடுத்தால் இது போய்விடும், அந்த டாக்டரும் அந்த வழக்கத்தில் கொடுத்திருக்கலாம். கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் நம் நாட்டில் பூஞ்சையின் வகையே மாறிவிட்டது. இப்போது அதிகம் பரவுவது புதிய இனம் ஒன்று. 2020-ல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள், பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினாஃபின் எந்த இடத்தைத் தாக்குமோ அந்த இடத்தையே மாற்றிக்கொண்ட பூஞ்சைகள் இதில் நிறைய. 2023-ல் நியூயார்க்கில்கூட இதைக் கண்டுபிடித்து அங்கே எச்சரிக்கை கொடுத்தார்கள். உங்கள் சுத்தத்தில் குறை இருந்து வந்ததல்ல என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அதனால் இப்போது பெரும்பாலும் இட்ராகோனசோல் என்கிற வேறு பூஞ்சை மாத்திரை கொடுக்கிறோம். உங்களைப் போல நீண்ட நாள் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு 6 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கும் மேலேயே ஆகும். அது ஏன் இத்தனை வாரம் என்றால், பூஞ்சை பிடித்த தோல் அடியிலிருந்து புதிதாக வளர்ந்து வெளியே தள்ளப்பட வேண்டும், ஒரு சுற்றுக்கே கிட்டத்தட்ட நாலு வாரம் ஆகும். அரிப்பு நிற்பது ரெண்டாம் வாரத்தில், பூஞ்சை போவது அதற்கு ரொம்பப் பிறகு. அரிப்பு நின்ற நாளில் மாத்திரையை நிறுத்தினால் போன முறை நடந்ததே மறுபடி நடக்கும்.

முடிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். வட்டம் இருந்த இடத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு தழும்பு நிற்கும், அது நோய் இல்லை, சில மாதத்தில் மங்கும். விரலால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். மேடோ செதிலோ அரிப்போ இல்லாமல் சமமாக இருந்தால் அது வெறும் தழும்பு. ஓரம் கொஞ்சம் தட்டுப்பட்டாலும் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் நீங்களாக முடிவு செய்யாமல் டாக்டர் கையால் நிறுத்துங்கள். பூஞ்சைக்கான களிம்பு கொடுத்திருந்தால் தடிப்பு தெரிகிற இடத்தில் மட்டும் போடாமல் அதைச் சுற்றி ரெண்டு விரல் அகலத்துக்கு வெளியேயும் தடவ வேண்டும், வட்டம் போன பிறகும் ரெண்டு வாரம் தடவ வேண்டும்.

இட்ராகோனசோல் விழுங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. காலையில் கேஸ் மாத்திரை போடுகிற பழக்கம் இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல் எல்லாம் இந்த மருந்தை உடம்பில் ஏறவிடாது. எங்களிடம் "கேட்கவில்லை" என்று வருகிற சிலருக்கு இதுதான் காரணமாக இருக்கிறது. இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை கொடுக்க மாட்டோம், சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடும் சேராது, ஆகவே மாமியாருக்குத் தேவைப்பட்டால் அவர் போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். இந்த மாத்திரைகள் போடும்போது கல்லீரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள், வீண் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

ஊசி கேட்டிருந்தீர்கள். படர்தாமரையை ஒழிக்கிற ஊசி என்று ஒன்று வழக்கத்தில் இல்லை. அரிப்புக்கு ஊசி போட்டு மறுநாளே அடங்கினால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டுதான், டியூபில் இருந்தது இப்போது உடம்பு முழுக்கப் போகும். வேண்டவே வேண்டாம்.

நாட்டு மருந்து பற்றி நான் கேவலமாகப் பேச மாட்டேன். சீமை அகத்தி இலையை நம் பக்கத்தில் படைக்கு அரைத்துப் போடுவது பழைய பழக்கம், அதற்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் கொஞ்சம் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஒரே ஒரு சின்ன வட்டத்துக்கு ஆரம்பத்தில் போடுவது வேறு, ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் இத்தனை இடத்தில் பச்சிலைச் சாற்றைப் பூசுவது வேறு. புண்ணாகும், கையில் இருக்கிற நாட்களும் போகும். உங்கள் நிலையில் நான் அனுமதிக்க மாட்டேன்.

அடுத்த குழந்தை

இதை நீங்கள் எழுதியது ரொம்ப நல்லது, பலர் சொல்லாமலே மாத்திரை வாங்கிப் போகிறார்கள். இட்ராகோனசோல் போடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, நிறுத்திய பிறகும் ரெண்டு மாதம் பொறுக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு ரெண்டு வழி இருக்கிறது. முதலில் இதை முடித்துவிட்டு நாலைந்து மாதம் கழித்துக் குழந்தைக்குப் பார்ப்பது ஒன்று. குழந்தைதான் முதலில் என்றால் மாத்திரை இல்லாமல் பாதுகாப்பான களிம்பை மட்டும் வைத்து ஓட்டுவது இன்னொன்று, க்ளோட்ரிமசோல் கர்ப்பத்திலும் போடக்கூடியது. ஆனால் இவ்வளவு பரவிய பிறகு களிம்பு மட்டும் முழுதாகக் குணமாக்காது, பிரசவம் முடிகிறவரை அரிப்போடு இருக்க வேண்டிவரும், பிறந்த குழந்தைக்கும் ஒட்டலாம். என் தங்கையாக இருந்தால் முதல் வழியைத்தான் சொல்வேன். முடிவு உங்களுடையதும் கணவருடையதும். எதுவானாலும் மாத்திரை ஆரம்பிக்கும் முன் நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் பார்த்துவிடுங்கள், மாத்திரை முடிந்து அந்த ரெண்டு மாதமும் ஆகிறவரை கருத்தடைக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில்

கணவர் வராவிட்டால் உங்கள் எட்டு வார மாத்திரையும் தண்ணீரில் கரைத்தது போல ஆகிவிடும். நீங்கள் குணமாவீர்கள், அவரிடமிருந்து மறுபடி ஒட்டும். வேர்வையில் வருவதுதான் என்று அவர் சொல்வது பாதி சரி, வேர்வை பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறது. ஆனால் பூஞ்சை தானாகப் போகாது. இந்தப் பதிலை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தம்பி, நீங்கள் வருவது உங்களுக்காக மட்டும் அல்ல, உங்கள் பையன் கன்னத்துக்காகவும்தான்.

அவர் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதை அறுத்துப் போட வேண்டும். கறுப்புக் கயிறு, சிவப்புக் கயிறு எதுவானாலும் எப்போதும் ஈரமாகவே இருக்கும், பூஞ்சையின் விதை அதில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். மகன் இடுப்பில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மனம் கேட்கவில்லை என்றால் குணமான பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம், அல்லது வெள்ளியில் போடலாம். உங்கள் பாவாடை நாடாவும் இப்படித்தான், வட்டம் அங்கேயே ஆரம்பித்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இறுக்கிக் கட்டி, அதே ஈர நாடாவோடு பன்னிரண்டு மணி நேரம். அகலமான பட்டை வைத்த பாவாடை, பருத்தியில், நிதமும் மாற்று. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு தொளதொளவென்று நைட்டி போட்டுக்கொள்ளுங்கள். லெகின்ஸ் இந்த ரெண்டு மாதம் வேண்டாம், கணவருக்கு ஜீன்ஸ் வேண்டாம்.

துணி விஷயம் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் இதை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் போட்டால் பலன் பாதிதான். உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு மூன்றையும் மற்ற துணியோடு சேர்க்காமல் கை பொறுக்காத வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள், 60 டிகிரி சூட்டில்தான் பூஞ்சை விதை நிச்சயமாகச் சாகும், பச்சைத் தண்ணீரில் சாகாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி நல்ல வெயிலில் காயவையுங்கள். மழைக்காலத்தில் காயாவிட்டால் இஸ்திரி போடுங்கள், குறிப்பாகத் தையல் மடிப்புகளில். ஈரம் காயாத உள்ளாடையை அவசரத்தில் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடாதீர்கள். ஆளுக்கு ஒரு துண்டு.

மாமியார் தனித் தட்டு வைத்ததாக எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் அதே கடிதத்தில் பாத்ரூம் கொடியில் நாலு பேருக்கும் ஒரே துண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். தட்டில், டம்ளரில், சாப்பாட்டில் இது பரவாது. துண்டில் பரவும். மாமியாரிடம் சண்டையாக இல்லாமல், "அத்தை, டாக்டர் இப்படிச் சொல்றாங்க" என்று காட்டுங்கள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் இது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், புண்ணாகி சீழ் கட்டவும் வாய்ப்பு உண்டு. அவர் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் மாதிரி வெளுத்து ஊறியிருக்கிறதா, நகம் தடித்து மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வீட்டில் பூஞ்சை ஒளிந்திருக்கிற இடம் சில சமயம் அதுவாக இருக்கும். உங்களுக்கும் ஒரு தடவை சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

மகனும் உங்கள் முகமும்

குழந்தையின் தோல் மெல்லியது, அதில் ஸ்டீராய்டு பெரியவர்களைவிட அதிகமாக உள்ளே இறங்கும். அஞ்சு நாளோடு நிறுத்தியிருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை, இனி வேண்டாம். தலையில் எங்காவது முடி உதிர்ந்து செதிலாக இருக்கிறதா என்று விலக்கிப் பாருங்கள், தலையில் வந்தால் களிம்பு மட்டும் போதாது, எடைக்குத் தகுந்த மாத்திரை வேண்டும். ஸ்கூலுக்குத் தாராளமாக அனுப்பலாம். மருந்து ஆரம்பித்த பிறகு வீட்டில் நிறுத்திவைக்கத் தேவையில்லை, துண்டு, தொப்பி, சீப்பு மட்டும் யாரோடும் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

முகம்தான் எனக்கு அதிகக் கவலை. நாலு மாதம் போட்டால் முகத்துத் தோல் அந்த மருந்துக்குப் பழகிவிடும். நிறுத்தினால் சிவக்கும், எரியும், பரு கிளம்பும், மறுபடி போட்டால் அடங்கும், இப்படியே விடாது. இது நம் நாட்டில் இவ்வளவு அதிகமாக இருப்பதால்தான் ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று இதற்குத் தனிப் பெயரே இந்திய டாக்டர்கள் வைத்தார்கள். உடம்பில் சட்டென்று நிறுத்தச் சொன்ன நான், முகத்தைப் பொறுத்தவரை ஒரே வாரத்தில் டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிறபடி நிறுத்தச் சொல்வேன், சிலருக்கு வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக இறக்க வேண்டியிருக்கும். அதுவரை முகத்துக்கு மென்மையான சோப்பு, வாசனை இல்லாத ஈரப்பத க்ரீம், வெளியே போகும்போது குடையோ முந்தானையோ. மங்குக்கு வேறு நல்ல வைத்தியம் இருக்கிறது, ஆனால் இப்போது எரிகிற முகத்தில் அதை ஆரம்பிக்க முடியாது, சில மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை அல்ல, அதனால்தான் போய்க் காட்டச் சொல்கிறேன். காளாஞ்சகப்படையும் (சோரியாசிஸ்) வட்டமாக வரும், கரப்பானும் (எக்ஸிமா) வரும். வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம், அதற்கு அரசு மருத்துவமனையில் இலவச மருந்து உண்டு, முழுதாகக் குணமாகும். விரல் இடுக்கில் ராத்திரி மட்டும் அதிகமாக அரித்து வீட்டில் எல்லோருக்கும் இருந்தால் அது சொறி சிரங்கு, அதற்கு மருந்தே வேறு. செதிலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், வலிக்காது.

சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் உங்களுக்கும் கணவருக்கும் மகனுக்கும் அங்கே வைத்தியம் இலவசம், அது உங்கள் பணம், கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு உண்டு. எட்டு வார மாத்திரையை வெளியே வாங்கினால் செலவு கூடும், அங்கே காசில்லாமல் கிடைக்கும். பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்றால் சீட்டு போடும்போதே சொல்லுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. எல்லா இடத்தையும் காட்டுங்கள். வெட்கப்பட்டு இடுப்பை மட்டும் காட்டிவிட்டு வருகிறவர்கள் அதிகம், அப்புறம் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் களிம்போடு வீடு திரும்புவார்கள்.

போகிற அன்றைக்கு உடம்பில் எந்தக் களிம்பும் பவுடரும் போடாமல் போங்கள், செதிலை எடுத்துப் பார்க்க அதுதான் வசதி. காலியான டியூப் ஒன்று வீட்டில் கிடந்தால் அதையும், அந்த ரெண்டு வார மாத்திரையின் சீட்டையும் ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை டியூப் என்று கேட்டால் குறைத்துச் சொல்லாமல் 11 என்றே சொல்லுங்கள். டாக்டர் அந்தக் காலி டியூபைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததும் அதை வெளியே இருக்கிற குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வாருங்கள். மூணு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், கணவர் வந்தாரா என்பதையும் சேர்த்து.